காலம் கடந்த காவல்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரெனீஸ் மலைத்தொடரில், ஓர்தேசா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதற்குச் செல்லும் வழியில் நிற்பது தோர்லா என்னும் இடைக்காலச் சிற்றூர். கற்சுவர்களும் கற்பலகைக் கூரைகளும் கொண்டது. நடைப்பயணிகள் அவ்வூரைக் கடந்து, அராசாஸ் ஆற்றின் கரையோடு பீச் மரக்காட்டினூடே ஏறுகின்றனர். சோவாசோவில் ஆறு படிப்படியாய் இறங்குகின்றது. அப்பால், பள்ளத்தாக்கின் தலைமாட்டில், குதிரைவால் எனப் பெயர்பெற்ற அருவி வீழ்கின்றது.

கண்ணுக்கு விருந்தாகும் இவ்வழி, கருத்துக்கும் ஒரு பாடம் வைத்திருக்கின்றது. 1918-இல் அந்நாட்டு அரசு இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆயின், அங்கு வாழ்ந்த புக்கார்தோ என்னும் காட்டு மலையாடு அதற்கு முன்பே வேட்டையால் அருகிவிட்டிருந்தது. காவல் வந்தது, இனம் மீளவில்லை. 2000 ஜனவரியில், எஞ்சியிருந்த ஒரே பெண்ணாடும் சாய்ந்த மரத்தின் அடியில் நசுங்கி மாண்டு கிடந்தது. அதன் உயிரணுவைக் கொண்டு அறிவியலார் 2003-இல் குளோனிங் முறையில் பிறப்பித்த குட்டி, சில நிமிடங்களே மூச்சுவிட்டது.

அருவி இன்றும் வீழ்கின்றது. அதன் ஓசை கேட்டு வளர்ந்த அவ்வினம் இல்லை. நிலத்தை எந்நாளும் வேலியிட்டுக் காக்கலாம். உயிரைக் காப்பதற்கோ காலம் என ஒன்று உண்டு.