எர்த் மீட்டர் பிழை காட்டினால் என்ன செய்வது?

(தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



ஈரக் கையோடு ரோலரையும் கொழுந்து வாட்டும் விசிறியின் சுவிட்சையும் தொட்டு வேலை செய்பவர்கள் நாம். மோட்டாரில் மின்சாரம் கசிந்தால், அது நம் உடம்பைத் தேடாமல் மண்ணில் இறங்குவதற்கான வழிதான் எர்த். அந்த வழியைச் சோதிக்க வரும் மீட்டர் சிலவேளை எண்ணைக் காட்டாமல் பிழைக் குறியைக் காட்டும். "மீட்டர் பழுது" என்பார்கள். அல்லது "சரி" என்று எழுதிவிடுவார்கள். இரண்டையும் நாம் ஏற்கக் கூடாது. பிழைக் குறி என்றால் சோதனை இன்னும் நடக்கவில்லை என்றே பொருள்.

மீட்டரில் மூன்று வயர்கள் உண்டு. ஒன்று எர்த் ராட்டுக்கு. மற்ற இரண்டும் தள்ளி மண்ணில் அடிக்கும் இரண்டு முளைகளுக்கு. தூர முளை வழியாக மின்னோட்டம் போகும். நடு முளையில் மின்னழுத்தம் அளக்கப்படும்.

முளையில் தடை அதிகம் என்று காட்டினால், முதலில் வயர் அறுந்திருக்கிறதா, கிளிப் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முளையை ஆழமாக அடிக்க வேண்டும். கல் தட்டினால் இடத்தை மாற்ற வேண்டும். காய்ந்த மண்ணென்றால் முளையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் சோதிக்கப்படும் எர்த் ராட்டைச் சுற்றி ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றி எடுத்த அளவு நம்மை ஏமாற்றும் அளவு.

மண்ணில் வேறு மின்னழுத்தம் இருப்பதாகக் காட்டினால் யாரும் எர்த் வயரைத் தொட வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்தியதும் குறி மறைந்தால், கசிவு நம் இயந்திரங்களில்தான் இருக்கிறது. தகுதி பெற்ற மின்னியலாளர் ஒவ்வொரு மோட்டாராகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்காக எர்த் வயரைக் கழற்றுவதென்றாலும் முதலில் மெயினை நிறுத்தியாக வேண்டும்.

எண் வந்துவிட்டால் போதுமா? போதாது. நடு முளையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நம்பலாம். பெரிதும் மாறினால் தூர முளையை இன்னும் தள்ளி அடிக்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? எர்த்தின் தடை 100 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 2.3 அம்பியர்தான் மண்ணுக்குப் போகும். அதற்கு பியூஸ் எரியாது. இயந்திரத்தின் உடல் உயிரோடு நிற்கும். ட்ரிப் சுவிட்ச் மட்டுமே காப்பாற்றும். ஆகவே அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தோழர்களே, அளவு, திகதி, மண் காய்ந்திருந்ததா ஈரமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் பிரதியைத் தோட்டக் கமிட்டி கேட்டு வாங்க வேண்டும். வறட்சிக் காலத்திலும் ஒருமுறை அளக்கச் சொல்ல வேண்டும். நிர்வாகம் மறுத்தால் தொழிற்சங்கத்தின் மூலம் தொழில் திணைக்களத்திடம் முறையிடுவோம். சம்பளத்தைப் போலவே உயிர்ப் பாதுகாப்பும் நமது உரிமை.