தன் பெயர், தன் சொல்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



பகுத்தறிவு, தனிமனித விடுதலை என்னும் இரண்டும் நூலுக்குள் இருக்கும்வரை எவருக்கும் இடையூறு செய்வதில்லை. மேடையில் அவற்றைப் புகழ்வதும் எளிது. அவை ஒரு வீட்டின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே நுழையும்போதுதான் சோதனை தொடங்குகிறது. குழந்தைக்குப் பெயர் எழுதும்போது, பெண்ணுக்கு மணம் பேசும்போது, தந்தை மறைந்தபின் நிலத்தைப் பிரிக்கும்போது, அந்த வீட்டார் யாருடைய அறிவைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? ஒரு தத்துவம் வாழ்வில் இறங்கியதா, இல்லையா என்பதற்கு இந்த ஒரு கேள்வியே உரைகல்.

விழா நடைபெறும் கோவளத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடலை ஒட்டிய இந்த ஊரில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா தேவாலயமும் கோயில்களும் அருகருகே இருக்கின்றன. தர்காவின் வாயிலில் நிற்பவர் அனைவரும் ஒரே சமயத்தார் அல்லர். எங்கே கைகூப்புவது என்பதை அவரவர் மனமே முடிவு செய்கிறது. தொழுவதில் இவ்வளவு இசைவு காட்டும் தமிழ்ச் சமூகம், யாரை மணப்பது என்று வரும்போது அந்த இசைவைக் காட்டுவதில்லை. அங்கே மனம் பின்னுக்குப் போகிறது. பிறப்பு முன்னே வந்து நிற்கிறது.

1784ஆம் ஆண்டில் ஜெர்மானிய மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்ற வினாவுக்கு விடையாக ஒரு கட்டுரை எழுதினார். பிறர் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கும் நிலையிலிருந்து வெளியேறி, தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே அறிவொளி என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் அந்தத் துணிவுக்குக் குறுக்கே நின்றவை திருச்சபையும் முடியாட்சியும். தமிழ் மண்ணில் குறுக்கே நின்றது சாதி. ஒரு குழந்தை வாய் திறந்து ஒரு சொல் பேசுவதற்கு முன்பே அதன் பெயரின் வால், அது உடனுண்ணத் தக்கவர், அது மணக்கத் தக்கவர் என யாவும் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. ஆகவே இங்கே தனிமனித விடுதலைக் கோட்பாடு ‘சுயமரியாதை’ என்ற பெயரில் வந்தது மிகவும் பொருத்தமே. தன்னைத் தானே மதிக்காதவன் தன் அறிவை மட்டும் எப்படி மதிப்பான்?

இந்தச் சிந்தனைக்கு முன்னோடிகள் உண்டு. 1880களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்திச் சமய மூடநம்பிக்கைகளை வினவினர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் இதழ் தோன்றியது. 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் ‘குடி அரசு’ வெளிவரத் தொடங்கியது. எழுத்தில் வளர்ந்த அந்தச் சிந்தனை மாகாண அளவில் முதன்முதலாக ஒரு பந்தலின்கீழ்த் திரண்டது செங்கற்பட்டில்தான். 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் முதலாவது சுயமரியாதை மாநாடு அங்கே கூடியது. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். இன்று கோவளம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ, அந்த மாவட்டத்தின் தலைநகரில் நிகழ்ந்தது இது.

அந்த மாநாட்டின் தீர்மானங்களைக் கூர்ந்து நோக்கினால், அவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவற்றைப் பற்றியவை என்பது விளங்கும். சாதியைக் குறிக்கும் பட்டங்களைப் பெயரிலிருந்து விட வேண்டும். பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும். கைம்பெண்களுக்கு மறுமண உரிமை வேண்டும். ஒத்துவராத மணத்திலிருந்து பெண் விலக இயல வேண்டும். ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும். பெயர், மணம், சொத்து ஆகிய மூன்றுமே ஒரு மனிதன் தனக்கென்று நிற்பதற்கான தரைகள் எனலாம்.

முதலில் பெயர். 1927ஆம் ஆண்டின் இறுதியிலேயே ‘குடி அரசு’ இதழின் முகப்பில் ஆசிரியர் பெயரோடு இருந்த சாதிப்பட்டம் நீங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒரு தலைப்பெழுத்தும் தன் பெயரும் போதும் என்பது இயல்பாகிவிட்டது. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைக் கேட்டவுடன் சாதியும் கூடவே கேட்டுவிடுகிறது. இங்கே அப்படி எளிதில் கேட்பதில்லை. இது அமைதியாக நிகழ்ந்த ஒரு பெரும் பண்பாட்டு மாற்றம். ஆயினும் ஊர் எது, தெரு எது என்று நயமாக விசாரித்து, பெயரில் இல்லாததை அறிந்துகொள்ளும் கெட்டிக்காரத்தனம் மறைந்துவிடவில்லை. அந்தத் தலைப்பெழுத்தில் தாய்க்கு இடம் தருவோரும் இன்னும் சிலரே.

இரண்டாவது மணம். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரோகிதரும் சடங்கும் இன்றி, இருவர் மனமொப்பிச் சொல்லும் உறுதிமொழியே மணமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறே மணந்தனர். ஆனால் சட்டம் அவர்களோடு நடக்கவில்லை. சடங்கில்லாத அம்மணம் இந்து சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கைக்காக எளிமையாக மணந்தவர்களின் பிள்ளைகள் வாரிசுரிமைக்குத் தகுதியற்றவர்களாகும் நிலை வந்தது. பகுத்தறிவுக்கு ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அண்ணாவின் ஆட்சியில் 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதை மணங்களையும் அது செல்லுபடியாக்கியது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம். உறுதிமொழி கூறுவதாயின், இருவருக்கும் புரிந்த மொழியில் கூற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சொல். கவிஞர்கள் உற்றுநோக்க வேண்டிய இடம் இதுவே. புரிந்த மொழியில் தன் வாயால் சொல்வது என்பதில் பகுத்தறிவும் தனிமனித உரிமையும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. புரிதல் அறிவின் பங்கு. தன் வாயால் சொல்லுதல் தனிமனிதனின் பங்கு. 2023இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, இத்தகைய மணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. குடும்பத்தின் மிரட்டலுக்கு அஞ்சி வாழும் இணையர் ஊரைக் கூட்டி விழா எடுப்பது எப்படி?

அந்த அச்சம் கற்பனையன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே, சாதி கடந்து மணந்த சங்கர் என்னும் பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமையைச் சுற்றம் ஏற்கவில்லை. சாதி ஒழியக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். லாகூரில் ஆற்றுவதற்காக எழுதப்பட்ட அந்த உரை, அழைத்தவர்களே கூட்டத்தைக் கைவிட்டதால் ஆற்றப்படாமல் நூலாக அச்சேறியது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மருந்தை உண்டவர் உயிரிழக்க நேர்ந்தது.

மூன்றாவது சொத்து. செங்கற்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு, மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனோடு ஒத்த பங்கு வழங்கியது. முன்பே மணமாகியிருந்த மகள்களை அது சேர்க்கவில்லை. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த உரிமையை நாடு முழுமைக்கும் விரித்தது. பந்தலில் கைதட்டி நிறைவேறிய ஒரு வரி, பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயராக மாற ஒரு மனித ஆயுள் தேவைப்பட்டது. இன்றும் ‘அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிடு’ என்ற ஒரு சொல்லில் அந்த உரிமை கரைந்துபோகும் வீடுகள் பல. தனக்கு வேண்டிய விடுதலையைத் தன் உடன்பிறந்தாளுக்கு மறுப்பவர் கொண்டிருப்பது தன்னலம். அதற்குத் தனிமனித விடுதலை என்று பெயரிடலாகாது.

இவற்றில் கவிதையின் பங்கு என்ன? 1930இல் வெளிவந்த பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ ஒரு விடை தருகிறது. மலைமேல் இருக்கும் குப்பன், எங்கோ நடக்கும் இராமாயணக் கதையைக் கேட்கிறான். அனுமன் மலையைப் பெயர்க்கும் கட்டம் வந்ததும், தான் நிற்கும் மலையே பெயர்ந்துவிடும் என்று நடுங்குகிறான். அச்சத்தைத் தெளிவிப்பவள் வஞ்சி. காதற்கதையின் நடுவே பகுத்தறிவு புகுந்து நிற்கிறது. அதுவும் ஒரு பெண்ணின் வாய்மொழியாக. அறிவு பேசினால் கவிதை வறண்டுவிடும் என்பாருக்கு அந்தக் காவியமே மறுமொழி.

கனகசுப்புரத்தினம் ‘பாரதிதாசன்’ ஆனதிலும் ஒரு குறிப்பு உண்டு. ‘தாசன்’ என்பது அடிமைப் பெயராயிற்றே என்று வினவலாம். பிறப்பு சுமத்திய பட்டம் வேறு. தான் தேர்ந்தெடுத்த ஆசான் வேறு. அந்த ஆசான் தொடாத இடங்களுக்கும் மாணவரின் கவிதை துணிந்து சென்றது. ஆசானை மதிப்பதும் ஆசானைக் கடப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இங்கேதான் பகுத்தறிவாளருக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தாம் சொல்வதையும் ஆராய்ந்த பின்னரே ஏற்குமாறு சொன்னவர் பெரியார். அவர் சொன்னதாலேயே ஒன்றை ஏற்பவர், மந்திரத்தை மாற்றிக்கொண்டாரே அன்றிப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கவியரங்குகளிலும் இந்நோய் உண்டு. கைதட்டல் எழும் இடம் முன்பே தெரிந்து எழுதப்படும் வரி, எவ்வளவு புரட்சியாக ஒலித்தாலும், புரோகிதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் மணமகனின் சொல்லைப் போன்றதே.

கோவளத்து மீனவர் கடலைப் பற்றிய அறிவைத் தந்தையிடமும் பாட்டனிடமும் பெறுகிறார். ஆயினும் ஒவ்வொரு விடியலிலும் கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் தம் கண்ணாலேயே பார்த்த பின்னரே இறங்குகிறார். மரபைப் பெறுவதும் அதை அன்றன்று சோதிப்பதும் அவருக்கு ஒரே தொழிலின் இரு பகுதிகள்.

பத்தாண்டுகளைக் கடந்திருக்கும் இவ்விலக்கிய வட்டத்துக்கும் அந்த இரண்டும் வேண்டும். செங்கற்பட்டுப் பந்தலில் கூடியவர்கள் கேட்டது, மனிதன் தன் பெயரில் நின்று, தனக்குப் புரிந்த மொழியில், தன் சொல்லைச் சொல்லும் உரிமை. கவிஞனுக்கு அது உரிமை மட்டுமன்று, தொழிலும் அதுவே. வீட்டில் மறுத்த ஒன்றை ஏட்டில் பாடாதிருப்பதும், ஏட்டில் பாடிய ஒன்றை வீட்டில் மறுக்காதிருப்பதும் அத்தொழிலின் அறம்.