சுண்ணாம்புச் சூளையின் தடங்கள்



வெற்றிலை வட்டாவில் பாக்கும் ஏலமும் கராம்பும் நிறைந்திருந்தாலும், சுண்ணாம்பு இல்லையேல் அதனை யாரும் விருந்தினர் முன் நகர்த்தி வைப்பதில்லை. அக்கரைப்பற்றில் என் மூத்தம்மா கரண்டகத்தைத் திறந்து விரல் நுனியால் சிறிது எடுத்து நாவில் வைத்ததும், “இது களப்புச் சிப்பி”, “இது கடற்கல்” என்று தீர்ப்புக் கூறிவிடுவார். அவ்வாறு சுவையால் அறிதல் இயலுமா என்பதில் எனக்கு இன்றும் ஐயமுண்டு. எனினும், இந்தச் சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது என்ற அவருடைய கேள்வியையே இன்று தொல்பொருளாய்வாளரும் கேட்கின்றனர்.

சூளைத் தொழிலில் மறைபொருள் ஏதுமில்லை. மார்பளவு உயரமான வட்டச் சுவர் ஒன்று. அடியில் காற்றுப் புகுவதற்கான துளைகள். உள்ளே ஒரு படை விறகு, ஒரு படை சிப்பி அல்லது முருகைக்கல் என அடுக்கித் தீ மூட்டுவர். வெப்பம் ஏறத்தாழ 900 சதமபாகையை எட்டும்போது சிப்பியிலுள்ள கரியமிலவாயு பிரிந்து போகின்றது. தூய சிப்பி 100 இறாத்தல் இட்டால் 56 இறாத்தலே மிஞ்சும். அதன்மேல் நீர் தெளித்ததும் அது சீறிக் கொதித்து மாவாக உதிரும். அதுவே நீற்றுச் சுண்ணாம்பு. வீட்டுச் சுவருக்கும், பள்ளிவாசலுக்கும், கோயிலுக்கும் அதுவே சாந்தாயிற்று. பழைய தாதுகோபங்களின் செங்கல்லை மூடி வெண்மையாக்கியதும் சுண்ணச் சாந்தே.

சூளை எரித்தவன் தன் பெயரை எங்கும் பொறித்து வைக்கவில்லை. அவன் விட்டுச் சென்றவை ஒரு குழியும், ஒரு சாம்பல் மேடுமே. ஆனால் அவற்றைப் படிக்கலாம். நிலம் வட்டமாகச் செந்நிறமாய்ச் சுட்டிருந்தால் அங்கே சூளை நின்றது. சுற்றிலும் கரித்துண்டுகளும், சரியாக வேகாத சிப்பிகளும், மிகையாக வெந்து இறுகிய கட்டிகளும் கிடக்கும். சாந்துத் துண்டொன்றை உடைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், வேகாத துணுக்கில் சிறு நட்சத்திர வடிவங்கள் தென்படுமாயின் அது முருகைக்கல். மெல்லிய படைபடையான வரிகள் தென்படுமாயின் அது சிப்பி. மூத்தம்மாவின் நாவை நம்பாதவர்கள் இந்தக் கண்ணாடியை நம்பலாம்.

காலத்தையும் அறியலாம். சாந்து இறுகும்போது, தீயில் இழந்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் பெறுகின்றது. அந்தக் கரியை அளந்தால் சுவர் எழுந்த காலம் தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகாத சிப்பித் துணுக்கு ஒன்று கலந்துவிட்டால், அச்சிப்பி வாழ்ந்த காலமும் கணக்கிலே சேர்ந்து, நேற்றுக் கட்டிய சுவர் பல நூற்றாண்டு மூப்புடையதாகத் தோன்றும். ஆகவே சூளைக்காரனின் சோம்பல்கூட ஆய்வாளனுக்குத் தொல்லையாக வந்து நிற்கின்றது.

இனித் தென்கரைக்குச் செல்வோம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மண்ணுக்கடியிலுள்ள சிப்பிப் படுகைகளை மக்கள் நெடுங்காலமாகத் தோண்டி விற்றுவந்தனர். அங்கே மினி-அத்திலிய என்னுமிடத்தில் 2006ஆம் ஆண்டு நடந்த அகழ்வில், சிப்பி மேட்டினுள்ளே ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. அந்த மேடு கடல் தானாக ஒதுக்கிய குவியலன்று. வேட்டையாடியும் சிப்பி பொறுக்கியும் வாழ்ந்த மக்கள் உண்டு எறிந்த ஓடுகள் சேர்ந்தது. தம் இறந்தோரையும் அவர்கள் அதனுள்ளேயே அடக்கினர். சிப்பி தோண்டும் தொழிலால் அந்த மேடே அழியும் நிலையில் இருந்தது. இத்தகைய மேடுகளில் எத்தனை, யாரும் பாராமலே சூளைக்குள் போயிருக்கும்? நம் முன்னோர் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பில், கற்கால மனிதனின் பகலுணவு கலந்திருந்தாலும் வியப்பில்லை. மண்வெட்டி பிடித்த ஏழையை இதற்காக நான் குறைகூற மாட்டேன். அவனிடம் அதைச் சொல்ல எவரும் வரவில்லை.

முருகைக்கல்லின் கணக்கு வேறு. மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கத்திலும், கிழக்கே கல்குடா, பாசிக்குடாப் பக்கங்களிலும் அதனை அகழ்ந்து எரித்தனர். 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்தது. களவாக எடுப்பது உடனே நின்றுவிடவில்லை. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, முருகைப் பார் காத்த ஹிக்கடுவையில் நீர் 2, 3 மீற்றர் உயரத்தோடு ஐம்பது மீற்றர் வரையே உட்புகுந்தது. சில கிலோமீற்றர் வடக்கே, பார் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் எழுந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே சென்றது என ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட புகைவண்டி நின்றதும் அங்கேதான். நம் கரையின் பேரழிவை இக்கணக்கில் சேர்க்க நான் துணியேன்; அக்கரைப்பற்றுக் கரை பெரும்பாலும் மணற்கரை.

அந்த அலைக்குப் பின்னர் எங்களூரில் இடிபாடுகளை அகற்றியபோது, பழைய வீட்டுச் சுவரின் சாந்துக் கட்டியொன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில் பாதி வெந்த சிப்பி ஒன்று, வரிகள் அழியாமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. களப்பிலிருந்து வந்ததுதான். இதை மட்டும் மூத்தம்மாவுக்குக் காட்ட வாய்க்கவில்லை.