நூற்பு யந்திரமும் ஒளித்துவைத்த ரகசியமும்



பேட்டண்ட் என்பது வக்கீல்கள் விவகாரம், ஆலைக் கூலிக்கும் வயல் கூலிக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

1880களில் ஹார்வி கம்பெனி விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை வைத்தது. பாபநாசத்துத் தாமிரபரணித் தண்ணீரின் வேகம்தான் அதை ஓட்டிற்று. தண்ணீரால் நூற்பு யந்திரம் ஓட்டும் வித்தைக்கு இங்கிலாந்தில் பேர் பெற்றவர் ஆர்க்ரைட். அவர் 1769ல் ஒரு பேட்டண்டும், கார்டிங் முதலிய யந்திரங்களுக்காக 1775ல் இன்னொன்றும் வாங்கினார்.

பேட்டண்ட் ஒரு பேரம். கண்டுபிடித்தவன் தன் ரகசியத்தை ஊரறியச் சொல்லவேண்டும். பதிலுக்குச் சர்க்கார் சில வருஷம் ஏகபோகம் தரும். ஆர்க்ரைட் ஏகபோகத்தை வாங்கிக்கொண்டார், ரகசியத்தைச் சொல்லவில்லை! விளங்காதபடி எழுதிக் கொடுத்தார். அந்நிய நாட்டார் அறியாதிருக்கவே அப்படிச் செய்தேன் என்று சாக்கும் சொன்னார். தறி அச்சுக் கட்டும் ஹைஸ், கடிகாரம் செய்யும் கே ஆகிய இரு கைத்தொழிலாளிகள் கோர்ட்டில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். 1785ல் இரண்டாவது பேட்டண்ட் ரத்தாயிற்று. அதன் பிறகு லங்காஷயரில் ஆலைகள் மளமளவென்று பெருகின.

இன்று நமது சட்டப்படி, பேட்டண்ட் மனு சாதாரணமாக 18 மாதம் வெளியே தெரியாது. மனுதாரர் கேட்டால் முன்னதாக வெளியிடலாம், கட்டாயமில்லை. அதற்குள் ஒரு பட்டறை மிஸ்திரி கடன் வாங்கி அதே மாதிரி களையெடுக்கும் கருவியைச் செய்கிறார் என்று வையுங்கள். மனு வெளியாகும் அன்றுதான் தெரியும், வேறொருவன் முன்பே வழியை அடைத்துவிட்டான் என்பது. கம்பெனிக்கு வக்கீல் உண்டு. மிஸ்திரிக்குக் கடன்தான் மிச்சம். வேலையைத் திருத்த அவகாசம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், அதற்கு ஒன்றரை வருஷமா?

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். நீங்கள் நடவு செய்யும் ஏஎஸ்டி 16 அங்கே பிறந்தது, 1986ல் வெளியானது. ஆடுதுறை 31ம் கோ 39ம் அதன் தாய் தகப்பன். பெயரை யாரும் ஒளிக்கவில்லை. அதே ஆடுதுறை 31ஐ ஐஆர் 50 உடன் சேர்த்து ஏஎஸ்டி 18ஐயும் உண்டாக்கினார்கள். ஒருவர் செய்தது தெரிந்ததால் அடுத்தவர் மேலே போனார்.

சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. மனு வெளியான பின், பேட்டண்ட் கொடுக்குமுன், எவரும் ஆட்சேபிக்கலாம். விவரம் தெளிவாக இல்லை என்பதும் போதுமான காரணம்; ஆர்க்ரைட் செய்த அதே தந்திரம்! ஆனால் மனுக்கள் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோதான் இருக்கும். கார்டிங்கில் நிற்பவர் எப்படிப் படிப்பது? அவற்றின் சாரத்தைத் தமிழில் வெளியிடு, 18 மாதத்தைக் குறை என்று சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்புங்கள்.