கேட்பவர் தாங்குவார்

ஹாலோவீன், அக்டோபர் 31ஆம் தேதி இரவில் அமெரிக்கா முழுவதும் பிள்ளைகள் பேய்வேடம் கட்டும் திருநாள். 19ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்களோடு பெருமளவில் அங்கே போய்ச்சேர்ந்த வழக்கம் அது. சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், புது மண்ணில் பூசணியைக் குடைந்தார்கள். பிள்ளைகள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, மிட்டாய் தருகிறீர்களா, இல்லை குறும்பு செய்யட்டுமா என்று மிரட்டுவார்கள். ஊரையே பயமுறுத்தும் உரிமை ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஓர் இரவு கிடைக்கிறது. பயப்படுவதும் சிரிப்பதும் அந்த ஒரே இரவில், ஒரே வாசற்படியில் நடக்கின்றன.

அந்த இரவோடு அமெரிக்கப் பேச்சுரிமையும் பின்னிக்கிடக்கிறது. 1938, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹாலோவீனை ஒட்டி மூன்று பெரிய தகராறுகள் எழுந்தன. மூன்றிலும் வாயடைக்க வந்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: கேட்பவர் தாங்கமாட்டார். 2025 செப்டம்பரில் அதே காரணத்துக்குப் பொதுநலன் என்று பெயர் சூட்டி அரசாங்க அதிகாரி ஒருவரே கையில் எடுத்தார். இரவு நேரச் சிரிப்பு நிகழ்ச்சி ஒன்று ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. பேச்சுரிமையைத் தன் அரசமைப்பின் முதல் திருத்தமாகவே எழுதிவைத்த நாட்டில் நடந்த அந்த அநியாயத்தைக் கண்டும் காணாமல் கடந்துபோக முடியாது. அதனால்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறந்த அமெரிக்கத் தலைமுறை, ஹாலோவீனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தாது. சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்ததும் மிட்டாய் தாராளமாயிற்று. புறநகர்த் தெருக்கள் பிள்ளைகளால் நிரம்பின. ப்ரூக்ளினைச் சேர்ந்த பென் கூப்பர் கம்பெனி அட்டைப்பெட்டியில் அடைத்து விற்ற வேடம் அந்தத் தலைமுறையின் பொதுச் சொத்து. பெட்டியின் மேல்மூடியில் கண்ணாடித்தாள் ஒட்டிய சன்னல் இருக்கும். அதற்குள்ளிருந்து முகமூடி முறைத்துப் பார்க்கும். மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி. காதோரம் இரு பக்கமும் ஸ்டேப்பிளர் ஊசியால் குத்திய ரப்பர் நூல். இரண்டாவது தெரு தாண்டுமுன் பிய்த்துக்கொண்டு வரும். மூக்குக்குச் சின்னத் துளைகள்தான். விட்ட மூச்சே திரும்பி வந்து கன்னமெல்லாம் நசநசவென்று நனையும். உடம்புக்கு வினைல் அங்கி. எந்த வேடமோ அதன் பெயரையும் படத்தையும் நெஞ்சிலேயே அச்சடித்திருப்பார்கள். அதன்மேல் குளிருக்கு அம்மா போட்டுவிட்ட கோட்டு. டிராகுலாவும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கையில் தலையணை உறை, மிட்டாய் வாங்க. 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய யூனிசெஃப் வசூல் பரவிய பிறகு, மற்றொரு கையில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு திரட்டும் பெட்டி.

அந்தப் பிள்ளைகள் எழுதாத சட்டம் ஒன்றை மதித்தார்கள், இன்றும் மதிக்கிறார்கள். வாசல் விளக்கு எரியும் வீட்டைத் தட்டலாம். விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. பேய்வேடம் பிடிக்காதவர், நோயாளி, மத நம்பிக்கையால் ஒதுங்குபவர் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கலாம். தெரு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்து என்று எவரும் கேட்பதில்லை. பேச்சுரிமை குறித்து நூறு தீர்ப்புகள் சொல்வதை ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் நடந்தே கற்றுக்கொள்கிறது. பதவியில் இருப்பவர்களுக்குத்தான் அது ஏறுவதில்லை.

பெரியவர்களின் பயம் அந்த இரவையே சுருக்கியது. 1970களில் மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்று வதந்தி கிளம்பியது. அண்டை வீட்டுப் பாட்டி செய்துகொடுத்த சோளப்பொரி உருண்டையும் சர்க்கரைப்பாகு ஆப்பிளும் குப்பைத்தொட்டிக்குப் போயின. மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்தன. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ டைலனால் மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்து 7 பேர் இறந்ததும், அந்த ஆண்டு பல ஊர்கள் பிள்ளைகள் தெருவில் இறங்கவே தடை போட்டன. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த விஷ மிட்டாயால் ஹாலோவீன் இரவில் ஒரு பிள்ளையேனும் இறந்ததற்கு உறுதியான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விஷ மிட்டாயால் இறந்தது உண்மை. கொடுத்தவன் அவனைப் பெற்ற தகப்பன். காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தான். 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தகப்பன் செய்த பாதகத்துக்கு நாடெங்கும் பாட்டிமார் சந்தேகப் பழி சுமந்தார்கள். பிள்ளைகள் பெயரைச் சொன்னால் எந்தப் பொய்யும் விலைபோகும்.

1938க்கு வரலாம். அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி. ஹாலோவீனுக்கு முந்தைய நாள். 23 வயது ஆர்சன் வெல்ஸ், சி.பி.எஸ். வானொலியில் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலைச் செய்தியறிக்கை பாணியில் நாடகமாக்கினார். செவ்வாய்க்காரர்கள் நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில்லில் இறங்கினார்கள். இன்று இந்தியக் குடும்பங்கள் ஏராளமாக வாழும் வெஸ்ட் வின்சர் நகரியத்தில் இருக்கும் சிற்றூர் அது. நாடகத்தின் முடிவில் வெல்ஸே, இது ஹாலோவீன் விளையாட்டு என்று விளக்கினார். மறுநாள் பத்திரிகைகளோ நாடே பீதியில் ஓடியது என்று முதல் பக்கத்தில் எழுதின. நியூயார்க் டைம்ஸும் எழுதியது. அன்றிரவு ஹூப்பர் நிறுவனம் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் எடுத்த கணக்கில், அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2 சதவீதம்தான். சிலர் பயந்தார்கள், காவல் நிலையங்களுக்குத் தொலைபேசி அடித்தார்கள். ஒரு தேசமே ஓடவில்லை. விளம்பர வருமானத்தை வானொலியிடம் பறிகொடுத்துக்கொண்டிருந்த பத்திரிகைகளுக்கு, வானொலியை நம்பாதே என்று சொல்ல நல்ல வாய்ப்பு வாய்த்தது.

உடனே கிளம்பினார் அயோவா செனட்டர் கிளைட் ஹெரிங். நிகழ்ச்சிகளை ஒலிபரப்புமுன் அரசாங்கம் பார்வையிட வேண்டும் என்றார். கேட்பவர் தாங்கமாட்டாராம்! அயோவாவின் மக்காச்சோள விவசாயி தன் வீட்டு வானொலிக் குமிழைத் திருகத் தெரியாதவர் என்று அவரிடம் வாக்கு வாங்கிப் போனவரே முடிவுகட்டினார். எஃப்.சி.சி. என்னும் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் நாடகப் பிரதியை வரவழைத்துப் பரிசீலித்தது. இனிமேல் செய்தியறிக்கை போலப் பாவனை செய்வதில்லை என்று சி.பி.எஸ். உறுதி கொடுத்தது. டிசம்பரில் ஆணையம், நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்று கோப்பை மூடியது. அப்போது ஆணையத்துக்கு வயது 4. நான்கு வயதில் இருந்த பக்குவம் தொண்ணூறு வயதில் இல்லாமல் போனது.

இரண்டாவது தகராறு சிறியது. ஆனால் விடத் தகாதது. இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டேல் ஊரில் ஒரு தம்பதி 38 அடி நீள வீட்டுவண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவைத்திருந்தார்கள். அண்டை வீட்டாருக்கு எரிச்சல். மனு எழுதி ஊராட்சிக்குப் போனார்கள். 2004 ஹாலோவீனுக்குத் தம்பதி பதிலடி கொடுத்தார்கள். தோட்டத்தில் மரப்பலகைக் கல்லறைகள் முளைத்தன. மனுப் போட்டவர்களின் பெயரும், அவர்களைக் கிண்டலடிக்கும் பாட்டும் அவற்றில் எழுதியிருந்தன. இறந்த ஆண்டு என்று போட்டிருந்தது அவரவர் வீட்டுக் கதவிலக்கம். படித்தவர்களுக்கு ஆத்திரம் வந்தது நியாயம். கைகலப்பு வரும் என்று போலீஸ்காரர் வந்து, எடுக்காவிட்டால் கைது என்றார். வழக்கு சிகாகோவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2008இல் தீர்ப்பு: அந்தக் கல்லறைகள் மட்டமான ரசனை, ஆனால் சட்டம் காக்கும் பேச்சு. போலீஸ்காரர் அறியாமல் செய்தார் என்று அவரையும் நீதிமன்றம் விட்டுவிட்டது. ஒரு மரப்பலகையைத் தாங்க மாட்டார்கள் என்று நினைக்கப்பட்ட அண்டை வீட்டார் எல்லோரும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது, யேல் பல்கலைக்கழகம், 2015. மாணவர்கள் ஹாலோவீனுக்கு எந்த வேடம் போடக் கூடாது என்று நிர்வாகக் குழு ஒன்று கடிதம் அனுப்பியது. இறகுத் தலைப்பாகை வேண்டாம், முகத்தில் கரி பூச வேண்டாம் என்றது. கரி பூசிய முகத்துக்குப் பின்னால் கறுப்பின மக்களை மேடையேற்றி இழிவுபடுத்திய ஒரு நூற்றாண்டு இருக்கிறது; அதைக் கண்டு கொதிப்பவர்களின் கொதிப்பு உண்மையானது. அதை மறுப்பவர்களுக்கு வரலாறு தெரியாது. அந்த வேடம் போட்டவனை முகத்துக்கு நேரே கண்டிப்பது மாணவர்களின் உரிமை, கடமையும்கூட. சிறுபிள்ளைக் கல்வி பயின்ற ஆசிரியையான எரிக்கா கிறிஸ்டாகிஸ் அக்டோபர் 30 அன்று எழுதிய பதில் இதைத்தான் கேட்டது: வயதுவந்தவர்கள் எதை உடுத்தலாம் என்பதை அலுவலகம் ஏன் சொல்ல வேண்டும், மாணவர்களே தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த மரியாதை, அவரும் கணவரும் வகித்த மாணவர் விடுதிப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்ற கூச்சல். டிசம்பரில் அவர் யேலில் பாடம் நடத்துவதை விட்டார். மறு ஆண்டு இருவரும் விடுதிப் பொறுப்பையும் விட்டார்கள். சொல்லத் தகாததையும் சொல்ல விட வேண்டும் என்று 1974இல் சி. வான் வுட்வர்டு தலைமையில் அறிக்கை எழுதி உலகத்துக்கே வழிகாட்டிய பல்கலைக்கழகம் அது! ஒரு மின்னஞ்சலைக்கூட அங்கே தாங்க முடியவில்லை.

அந்த யேல் மாணவர்களைத் தொட்டாற்சிணுங்கிகள் என்று பத்து வருடம் ஏளனம் செய்தவர்கள் வலதுசாரிகள். அவர்களுடைய ஆட்சி வந்தது. 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டாவில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் சுட்டுக்கொல்லப்பட்டார். மேடையில் பேசிக்கொண்டிருந்தவரைச் சுட்டது பேச்சுரிமையின்மீதே நடந்த கொலை. அதற்கு எந்த விளக்கமும் கிடையாது. ஐந்து நாள் கழித்து ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தன் இரவு நேரச் சிரிப்பு நிகழ்ச்சியில் ஜிம்மி கிம்மல், கொலையாளி எந்தப் பக்கம் என்பது பற்றிச் சொன்ன வாசகம் பலரைப் புண்படுத்தியது. தவறான வாசகம் என்றால் மறுத்திருக்கலாம். மறுக்க ஆயிரம் வாய்கள் இருந்தன. செப்டம்பர் 17 அன்று எஃப்.சி.சி. தலைவர் பிரெண்டன் கார், நிறுவனங்கள் தாமே சரிசெய்யாவிட்டால் ஆணையத்துக்கு வேலை வரும் என்ற பொருளில் பேசினார். சில மணி நேரத்தில் நெக்ஸ்டார் நிறுவனம் தன் நிலையங்களில் நிகழ்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. டெக்னா கம்பெனியை 620 கோடி டாலருக்கு வாங்க அதே ஆணையத்தின் அனுமதியை எதிர்பார்த்திருந்த நிறுவனம் அது. அன்றே ஏ.பி.சி.யும் நிகழ்ச்சியைக் காலவரையின்றி நிறுத்தியது. ஒரு உத்தரவு இல்லை, ஒரு நோட்டீஸ் இல்லை. மிரட்டல் போதுமானதாக இருந்தது. மாஃபியா கும்பல் மதுக்கடைக்காரரை மிரட்டுவது போல இருக்கிறது என்று கண்டித்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சி செனட்டர் டெட் குரூஸ்.

இதே கிம்மல்தான் 2011 முதல், பிள்ளையின் ஹாலோவீன் மிட்டாயையெல்லாம் தாங்களே தின்றுவிட்டதாகப் பெற்றோரைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகள் அழுவதைப் படம்பிடித்து அனுப்பச் செய்தவர். பலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காதவர்கள் பெட்டியை அணைத்தார்கள். எந்த ஆணையமும் தேவைப்படவில்லை. சில படங்களில் அழுத பிள்ளையே அடுத்த நொடி பெற்றோரை மன்னித்தது. நான்கு வயதுப் பிள்ளை தாங்கியதை வல்லரசு தாங்கவில்லை.

நிறுத்தத்தை ஆதரித்தவர்களின் வாதம் ஒன்றுதான்: வானலை பொதுச்சொத்து, எனவே அதில் யார் சிரிக்கலாம் என்பதை நாற்காலியில் இருப்பவர் சொல்வார். தெருவும் பொதுச்சொத்துதான், ஹாலோவீன் இரவில் எந்தக் குழந்தை எந்த முகமூடி போடலாம் என்று இனி போலீஸ் கமிஷனர் பட்டியல் ஒட்டுவாரா? யேலில் அலுவலகக் கடிதத்துக்குக் கைதட்டியவர்கள் கிம்மலுக்காகக் கண்ணீர் விட்டார்கள். கடிதத்தைக் காறித்துப்பியவர்கள் கிம்மல் நிறுத்தத்துக்குப் பட்டாசு வெடித்தார்கள். இரு தரப்புக்கும் வெட்கம் இல்லை. தன் வாய்க்கு உரிமை கேட்பவன், எதிராளி வாய்க்குப் பூட்டுத் தேடுகிறான். பூட்டு எந்த நேரமும் கைமாறும் என்பதை இவர்கள் யாரும் யோசிக்கவே மாட்டார்களா?

சட்டத்தில் குழப்பம் இல்லை. ரோட் ஐலண்டில் இளைஞர் ஒழுக்கத்தைக் காக்க என்று அமைத்த ஆணையம், புத்தக விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதியே புத்தகங்களை மறையவைத்தது. 1963இல் உச்ச நீதிமன்றம் அது தணிக்கைதான் என்றது. 2024இல் நியூயார்க் அதிகாரி காப்பீட்டுக் கம்பெனிகளை நெருக்கித் துப்பாக்கி உரிமைச் சங்கத்தை ஒடுக்கப் பார்த்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் தாராளவாத நீதிபதி சோனியா சோட்டமயோர். மூன்றாம் ஆளை மிரட்டிப் பேச்சை நிறுத்துவதும் தடைதான் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்த 2025 செப்டம்பரில் அந்தத் தீர்ப்புக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை.

கிம்மல் செப்டம்பர் 23 அன்று திரும்பி வந்தார். கொண்டுவந்தது நீதிமன்றம் அல்ல, பார்வையாளர்கள். ஏ.பி.சி.யின் தாய்க் கம்பெனியான டிஸ்னியின் சந்தாவைப் பலர் ரத்து செய்தார்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். தாங்கமாட்டார் என்று யாரைச் சொன்னார்களோ அவர்களே திரும்ப வரவழைத்தார்கள். நெக்ஸ்டார் நிலையங்களும், அதைப் போலவே நிகழ்ச்சியை நிறுத்தியிருந்த சின்க்ளேர் நிறுவனத்தின் நிலையங்களும் மேலும் மூன்று நாள் பிடிவாதம் பிடித்துப் பிறகு வழிக்கு வந்தன.

1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு, ஆணையத்துக்குத் தணிக்கை அதிகாரம் கிடையாது என்கிறது. ஆர்சன் வெல்ஸை விட்டுவைத்த ஆணையம் அந்தப் பிரிவின்கீழ்தான் இயங்கியது. அந்தப் பிரிவு இன்னும் ரத்தாகவில்லை. ஆணையத் தலைவராக வருபவர் எவரையும் அமெரிக்க செனட் அதை உரக்கப் படிக்கச் சொல்லி, கட்டுப்படுவேன் என்று வாக்குமூலம் வாங்கிய பிறகே அந்த நாற்காலியில் உட்கார விட வேண்டும்.