கருப்பொருள் எட்டு, கண்டது மூன்று

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலருக்கு ஒரு கவிதை தருமாறு நம் செயலாளர் கேட்டபோது, ஆப்பிரிக்க ஆறு ஒன்றைப் பற்றிய கவிதை கைவசம் இருப்பதாகச் சொன்னேன். அதனை இன்று நான் படிக்கப்போவதில்லை. ஏன் படிக்கவில்லை என்பதே என் உரை.

சாம்பியாவின் தலைநகரான லுசாக்காவில் என் மகள் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு அக்டோபரில் அவளைக் காணச் சென்றிருந்தேன். சாம்பேசி ஆற்றங்கரை விடுதி ஒன்றில் மூன்று இரவுகள் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்தாள். லுசாக்காவிலிருந்து எல்லையூரான சிருண்டுவை நோக்கி மலைச்சாலை இறங்குகிறது. பிறகு கஃபூவே ஆற்றைக் கடந்து சென்றால் கீழ்ச் சாம்பேசித் தேசியப் பூங்கா. 1983இல் அறிவிக்கப்பெற்ற அதன் பரப்பு 4,092 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை சிம்பாப்வே, அங்கே 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மானா பூல்ஸ் வனம்.

விடுதியின் வசதியை என்னவென்று சொல்வேன்! கூடாரம் என்றார்கள், உள்ளே நுழைந்தால் அது மாளிகை. குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே ஆற்றைப் பார்க்கலாம். வெண்துணி விரித்த மேசையில் இரவுணவு. இருட்டிய பின் தனியே நடக்கக் கூடாது. நீர்யானைகள் கரையேறி மேயும். காவலர் ஒருவர் விளக்கோடு வந்து கூடாரத்தில் விட்டுச் செல்வார்.

அங்கே வெண்முள் மரம் ஒன்று உண்டு. வேல மரத்தின் உறவு. மழைக்காலத்தில் இலையுதிர்த்து, கோடையில் தழைக்கும் விந்தை மரம். ஊரே காய்ந்து கிடக்கையில் அது மட்டும் பச்சை. யானைகள் அதன் நெற்றுகளைப் பொறுக்கித் தின்கின்றன. ஆற்றின் செங்குத்தான கரையில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக் கூடு வைத்திருந்தன; அவை கூட்டமாய் எழும்போது கரையே சிவந்து பறப்பது போலிருந்தது. இரண்டாம் இரவு கவிதை பிறந்தது. மனிதன் காலடி படாத ஆறு என்று தொடங்கி நாற்பது வரிகள்.

மறுநாள் காலை படகு செலுத்திய வழிகாட்டி இளைஞரிடம், இந்த ஆற்றைப் பற்றி உங்கள் மொழியில் பாட்டு உண்டா என்று கேட்டேன்.

"என் பாட்டிக்குத் தெரியும் ஐயா. அவர் பிறந்த ஊர் இப்போது கரிபா ஏரிக்கு அடியில் இருக்கிறது" என்றார்.

கரிபா அணை, நாங்கள் தங்கியிருந்த இடத்திற்கு மேலே, அதே ஆற்றின் குறுக்கே 1955க்கும் 1959க்கும் இடையே கட்டப்பட்டது. உயரம் 128 மீட்டர். அன்றைய மத்திய ஆப்பிரிக்கக் கூட்டாட்சியின் தாமிரச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவது அதன் முதன்மை நோக்கம். கிவெம்பே பள்ளத்தாக்கில் இரு கரையிலும் வாழ்ந்த டோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் பெயர்க்கப்பட்டனர். 1958 செப்டம்பரில் சிப்பெப்போ பகுதியில் நகர மறுத்தவர்கள்மீது போலீசார் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டனர். எஞ்சியோர் லாரிகளில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அணைக்குக் கீழே, சிருண்டுவை அடுத்த லுசிட்டுவில் இறக்கப்பட்டனர்.

நீர் ஏறத் தொடங்கியதும் மேட்டு நிலங்கள் தீவுகளாயின. அவற்றில் சிக்கிய விலங்குகளைக் காக்க நோவா நடவடிக்கை என்னும் பெயரில் பெரும் முயற்சி நடந்தது. 1964 வரை ஏறத்தாழ 6,000 விலங்குகள் மீட்கப்பட்டன. உலகமே அதனைப் பாராட்டியது, பாராட்டத் தக்கதுதான். ஆனால் அதே நீரால் வீடிழந்த மனிதர்களின் கதையை எத்தனை பேர் அறிவோம்? கப்பலேறிய விலங்குகளுக்கு ஒரு புராணப் பெயர் கிடைத்தது. லாரியேறிய மக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

திரும்பும் நாளில் அந்த இளைஞருக்கு விடுமுறை. எங்கள் வண்டியிலேயே அவரை அழைத்துக்கொண்டு லுசிட்டுவுக்குச் சென்றோம். பாட்டியார் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். லாரியேறியபோது சிறுமி. ஆற்றங்கரையில் தங்கி வருகிறோம் என்று பேரன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். பேரன் மொழிபெயர்த்தார்: "கரையில் இப்போது என்ன விதைத்திருக்கிறார்கள்?"

நான் விடையின்றி நின்றேன். அவருடைய மக்களுக்கு ஆற்றங்கரை என்பது தோட்டம். மழைக்கு ஒரு போகம். வெள்ளம் வடிந்த வண்டலில் மற்றொரு போகம். மூன்று நாள் அந்தக் கரையையே பார்த்திருந்த எனக்கு, அங்கு எவரும் விதைத்திருக்கக் கூடும் என்ற எண்ணமே எழவில்லை.

கவிஞர் பெருமக்களே, நமக்குத் தொல்காப்பியம் என்ன சொல்லிக் கொடுத்தது? ஒரு நிலத்தின் கருப்பொருள் எவை? தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இவ்வெட்டையும் இவை போன்ற பிறவற்றையும் சேர்த்தே நிலத்தைக் கண்டார்கள். பின்வந்த நாற்கவிராச நம்பி அப்பட்டியலைப் பதினான்காக விரித்தபோது, மக்களையும் ஊரையும் பெயர் சொல்லியே சேர்த்தார். என் கவிதையில் விலங்கு இருந்தது; மரம் இருந்தது; பறவை இருந்தது. மற்ற ஐந்தும் இல்லை.

அங்கே அவை இல்லாமலா போயின? தெய்வம் உண்டு: பாம்புடலும் மீன்தலையும் கொண்ட நியாமிநியாமி. 1957, 1958 ஆண்டுகளில் அணை வேலையைச் சிதைத்த பெருவெள்ளங்கள், துணையிடமிருந்து பிரிக்கப்பட்ட அத்தெய்வத்தின் சினம் என்று டோங்கா மக்கள் சொன்னார்கள். உணவும் தொழிலும் பாட்டியின் கேள்வியிலேயே இருந்தன. பறை உண்டு: புடிமா என்னும் அவர்களது ஆட்டத்தை 2020இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. யாழுக்கு ஈடாக மான்கொம்புகள்: ஒரு கொம்புக்கு ஒரு சுரம், பலர் கூடி மாறி மாறி ஊதினால்தான் பண் பிறக்கும்.

விடுதியின்மீது குறை சொல்ல நான் வரவில்லை. அங்குள்ளோர் அன்பாகவே நடத்தினர். யானை வாழ வனம் வேண்டும். வனம் வாழப் பயணியர் பணமும் வேண்டும். குறை என் பார்வையில். மனிதரற்ற இயற்கையே தூய இயற்கை என்று எங்கோ கற்றுக்கொண்டு, என் மொழியின் முதல் பாடத்தை மறந்துவிட்டேன்.

அந்த நாற்பது வரிகளைக் கிழித்துவிடவில்லை, நோட்டிலேயே வைத்திருக்கிறேன். அதன் கீழே பாட்டியாரின் கேள்வியை எழுதியிருக்கிறேன். நம் வட்டத்தின் இளங்கவிஞர்கள் ஆற்றையோ மலையையோ பாட அமரும்போது, அந்த ஒரு கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விடை தெரிந்த பிறகே முதல் வரியை எழுதுங்கள்.