சிக்காகோவும் நம் செக்ரோலும்

(மே நாள் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பூப்பாறை, உடும்பஞ்சோலை ஏலக்காடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். மூணாறு லயங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து இரவே பஸ் ஏறி வந்த குடும்பங்களும் இங்கே உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மே நாளில் கொடி ஏற்றுகிறோம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம், "சிக்காகோ தியாகிகள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கலைந்து போகிறோம். அந்தத் தியாகிகள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? ஆகவே இந்த ஆண்டு அதைச் சற்று விரிவாகப் பேசுவோம்.

1886-ஆம் ஆண்டு மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்காவெங்கும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று உழைத்துத் தேய்ந்தவர்கள் அவர்கள். மே 3 அன்று சிக்காகோவில் மக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலை வாசலில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். கூட்டம் முடியும் தறுவாயில் போலீஸ் படை உள்ளே புகுந்தது. யாரோ குண்டு வீசினார்கள். போலீசாரும் இறந்தார்கள், தொழிலாளர்களும் இறந்தார்கள். குண்டை வீசியவர் யார் என்பது கடைசிவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் எட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது. அவர்கள் பேசியதும் எழுதியதுமே குற்றமாக்கப்பட்டன.

அந்த எண்மரில் ஆகஸ்ட் ஸ்பைஸ், அடால்ப் பிஷர், ஜார்ஜ் எங்கல், லூயிஸ் லிங், மைக்கேல் ஷ்வாப் ஆகிய ஐவரும் ஜெர்மனியில் பிறந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். சாமுவேல் பீல்டன் இங்கிலாந்துக்காரர். சிறு வயதிலேயே பஞ்சாலையில் வேலை பார்த்தவர், சிக்காகோவில் கல் வண்டி ஓட்டினார். ஆல்பர்ட் பார்சன்ஸ், ஆஸ்கர் நீபி ஆகிய இருவர்தான் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். எட்டில் ஆறு பேர் பிழைக்கப் போன இடத்தில் நின்று உரிமை கேட்டவர்கள். "வந்தேறிகள் வந்து நம் ஊரைக் கெடுக்கிறார்கள்" என்றுதான் அன்றைய பெரிய பத்திரிகைகள் எழுதின. இந்தப் பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பைஸ் ஒரு நாளிதழின் ஆசிரியர். ஷ்வாப் அதில் துணை. பிஷர் அச்சுக்கோப்பவர். அது ஆங்கில இதழ் அல்ல, ஜெர்மன் மொழித் தொழிலாளர் இதழ். ஹேமார்க்கெட் கூட்டத்துக்கு அச்சிட்ட துண்டறிக்கையும் ஆங்கிலம், ஜெர்மன் என இரு மொழிகளிலும் இருந்தது. கூலி என்ன, வேலை நேரம் என்ன என்பது தொழிலாளிக்குத் தன் தாய்மொழியில் தெரிய வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

பார்சன்ஸ் கதை தனிக் கதை. அவர் போலீசாரிடம் அகப்படவில்லை, தப்பிவிட்டார். ஆனால் தோழர்கள் கூண்டில் நிற்கும்போது தான் மட்டும் வெளியே இருப்பதா என்று வழக்கு நடந்த நீதிமன்றத்துக்குத் தாமே நடந்து வந்தார். 1887 நவம்பர் 11 அன்று ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கல் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். லிங் முந்தின நாளே சிறையில் இறந்துவிட்டார். மிஞ்சிய மூவரை 1893-இல் இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நேர்மையானதல்ல என்று சொல்லி விடுவித்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான்! பார்சன்சின் மனைவி லூசி 1942-இல் இறக்கும்வரை தொழிலாளர் மேடைகளில் பேசிக்கொண்டே இருந்தார். வேடிக்கை என்னவென்றால், மே நாளைப் பெற்ற அமெரிக்காவில் மே நாள் விடுமுறை கிடையாது. அங்கே தொழிலாளர் தினம் செப்டம்பரில்.

இனி நம் மலைக்கு வருவோம். சிக்காகோ கொதித்த அதே 1886-இல்தான், அக்டோபர் 29 அன்று, பெரியாற்று நீருக்காகத் திருவிதாங்கூரும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக் குத்தகை எழுதின. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால், 1877-இல், பூஞ்சாறு மன்னரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளையர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1877 என்ன ஆண்டு? சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின் நடு ஆண்டு! மேலே மலை கைமாறியது, கீழே சமவெளியில் வயிறு காய்ந்தது. பின்னால் கங்காணி முன்பணத்தை நீட்டியபோது, கை நீட்டி வாங்கியவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்.

சிக்காகோவின் கொடியை நம் மொழிக்குக் கொண்டுவந்தவர் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். இந்தியாவிலேயே முதல் மே நாளை 1923-இல் சென்னையில் நடத்தினார். உயர்நீதிமன்றத்தின் எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம்.

ஆனால் எட்டு மணி நேரம் கொழுந்து மலைக்கு ஏறி வர எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 54 மணி என்றது. அதாவது நாளுக்கு ஒன்பது. 48 மணியாகக் குறைந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். சிக்காகோ கேட்டதற்கும் நமக்குக் கிடைத்ததற்கும் நடுவே 95 ஆண்டுகள்! அந்தச் சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் 2020-இல் பாராளுமன்றம் ஒரே தொகுப்பாக்கிவிட்டது. அதைப்பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.

நமக்கும் தியாகிகள் உண்டு. 1958 அக்டோபரில் மூணாறு தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் அசன் ராவுத்தர், பாப்பம்மாள் இருவரும் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்டு அரசு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தக் கொடி பறந்தாலும் துப்பாக்கி முனை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறிந்தவர்கள் நாம். 2015 செப்டம்பரில் நம் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று, அவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் போனஸ் வந்தது. அதன் பின்னர் 232 ரூபாய்க் கூலி 301 ஆயிற்று.

இப்போது இன்றைய காரியம். பட்டியல் இனத்துப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று கேட்டுப் போகிறோம். 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான்கு தலைமுறை இந்த மலையில் கொழுந்து கிள்ளிய குடும்பத்துக்குப் பட்டா கிடையாது, சொந்த வீடு கிடையாது. லயமும் கம்பெனிக்குச் சொந்தம். பிறகு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? சான்று கிடைக்காமல் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளைகள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

காகிதம் அடியோடு இல்லாமல் போகவில்லை, தோழர்களே. பழைய செக்ரோலில் தாத்தா பெயர் இருக்கலாம். எஸ்டேட் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அத்தை பெயர் இருக்கலாம். கோயில் வரி நோட்டு, மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவு, பிறப்புப் பதிவு, பழைய ரேஷன் அட்டை, சங்கச் சந்தா ரசீது, எது கிடைத்தாலும் எறிய வேண்டாம், பெட்டியைக் கிளறிப் பாருங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் வைத்தது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன், முதலில் மலையேறிய உங்கள் முன்னோர் பெயர், புறப்பட்ட ஊர், வேலை பார்த்த எஸ்டேட், எந்தக் கங்காணி ஆள் என்ற விவரம், இவற்றைத் தெரிந்தவரை எழுதுங்கள். எழுத வராத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். பாட்டிமார் பெயரையும் விடாதீர்கள். செக்ரோலில் அவர்கள் பெயரும் உண்டு.